அவர் எதையும் மறக்கவில்லை என்பது குறித்து

என் பெயர், கணவர் பெயர், வீட்டு முகவரி மூன்றும் முகப்புத் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது முப்பத்தாறு. உயிர்கள் எப்படி முதுமை அடைகின்றன என்பதை ஆராயும் நிறுவனம் ஒன்றில் தற்காலிக விஞ்ஞானியாகப் பணிபுரிந்து வந்தேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை, மிரட்டவும் இல்லை. நானாகவே நிலையத்துக்கு வந்து, ஆய்வாளர் முன்னிலையில், நிலைய எழுத்தர் எழுத, இந்த வாக்குமூலத்தைத் தருகிறேன். வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள், வேண்டாம் என்றேன்.

இதே வழக்கில் இதற்கு முன்பு சாட்சி என்ற முறையில் இதே மேசையில் உட்கார்ந்து ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அது பொய். எங்கள் நிறுவனத்தின் விலங்குக் கூடத்தில் வேலை செய்யும் கூண்டுப் பராமரிப்பாளர் கவனக் குறைவாக ஆண் எலிகளை இடம் மாற்றி வைத்துவிட்டார், அதனால் அவை ஒன்றையொன்று கடித்துச் செத்தன என்று அதில் சொல்லியிருந்தேன். மாற்றி வைத்தது நான். தெரிந்தே வைத்தேன். அவர் மீதான வழக்கு நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று வந்திருக்கிறேன்.

மேற்படி பராமரிப்பாளருக்கு வயது ஐம்பத்தெட்டு. எங்கள் இடத்தில் எல்லோரும் அவரைக் கூண்டுக்காரர் என்றுதான் சொல்வோம், நேரில் அண்ணே என்று கூப்பிடுவோம். கூண்டுகளுக்கு மரத்தூள் மாற்றுவது, தீனி போடுவது, தண்ணீர்ப் புட்டி வைப்பது அவர் வேலை. வயதான எலிகளைப் பெருசு என்பார். "பெருசுங்க இன்னிக்கு சாப்பிடல மேடம், என்ன கோவமோ" என்று காலையில் என்னிடம் வந்து சொல்வார். அவரை உத்தமர் ஆக்கிக் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. வாய் ஓயாது. கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டே வேலை பார்ப்பார். ஒரு முறை தண்ணீர்ப் புட்டியைச் சரியாகத் திருகாமல் விட்டு ஒரு கூண்டு முழுக்க நனைந்து போய், அதற்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வாங்கியிருக்கிறார். அந்த எச்சரிக்கை கோப்பில் இருந்தது எனக்குப் பிற்பாடு வசதியாகப் போயிற்று.

நான் வேலை பார்த்து வந்தது இளம் விஞ்ஞானிகளுக்கான ஒரு நிதியை நம்பி. முனைவர் பட்டம் வாங்கிக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே அந்த நிதி கிடைக்கும். முதுமையை ஆராய்கிறவர்களுக்கு முதுமை தட்டிவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று எங்களுக்குள் கேலி பேசிக்கொள்வோம். எனக்கு அந்தக் கெடு அடுத்த ஆண்டு முடிகிறது. நிதி நின்றால் என் சம்பளம் நிற்கும், மேசை போகும், வாசல் அட்டையும் திறக்காது. முதல் கட்டம் மூன்று ஆண்டு. அது முடிந்ததும் குழு வந்து பார்த்து, பிடித்திருந்தால் இரண்டாம் கட்டம் தருவார்கள். இரண்டாம் கட்டம் கிடைத்தவர்களுக்குத்தான் எங்கள் துறையில் நிரந்தர வேலை.

இதில் உள்ள சிக்கலையும் சொல்ல வேண்டும். ஒரு சுண்டெலி கிழடாகவே இரண்டரை ஆண்டு ஆகிவிடும். அவசரப்பட்டால் நடக்காது. ஆய்வாளர் இந்த இடத்தில் குறுக்கிட்டு, "எலிக்கு வயசாகறத உக்காந்து பாக்கறதுக்கா உங்களுக்கு நிதி குடுக்கறாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

என் சோதனை இதுதான். ஒரே நாளில் பிறந்த ஆண் எலிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குத் தீனியில் ஒரு மருந்தைக் கலந்து கொடுப்பது, மற்றதற்கு வெறும் தீனி கொடுப்பது. மருந்து தின்றவை அதிக நாள் வாழ்ந்தால் மருந்து முதுமையைத் தள்ளிப் போடுகிறது என்று பொருள். இரண்டாம் ஆண்டில் மருந்து தின்றவற்றின் முடி பளபளப்பாக இருந்தது, சுறுசுறுப்பாக ஓடின. நான் துள்ளிக் குதித்து ஆண்டறிக்கை எழுதினேன். துறைத் தலைவர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கைதட்டினார். அதன் பிறகு மூன்றாம் ஆண்டு வந்தது. மருந்து தின்றவை வரிசையாகச் சாக ஆரம்பித்தன. வெறும் தீனி தின்றவை அவ்வளவு வேகமாகச் சாகவில்லை.

காலையில் கூடத்துக்குள் நுழையும்போதெல்லாம் முதலில் வெறும் தீனிக் கூண்டுகளைத்தான் பார்ப்பேன். ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று பார்ப்பேன். செத்துக் கிடந்தால் மனசுக்குள் ஒரு நிம்மதி வரும். உயிரோடு எழுந்து மூக்கை ஆட்டிக்கொண்டு வந்து கம்பியைப் பிடித்து நின்றால் எரிச்சலாக வரும். கூண்டுக்காரர் பக்கத்தில் நின்று, "பாத்தீங்களா மேடம், மருந்து மாத்திரை ஒண்ணும் இல்லாமலே எப்படி இருக்கு பெருசு" என்று பெருமையாகச் சொல்வார். எனக்கு அவர் மேல் கோபம் வரும். ஒரு எலி உயிரோடு இருப்பதற்காக நான் கோபப்பட்டேன் என்பதையும் எழுதிக்கொள்ளுமாறு எழுத்தரைக் கேட்டுக்கொண்டேன். வழக்குக்கு அது தேவையில்லை என்றார். எழுதுங்கள் என்றேன்.

குழு வருவதற்குச் சில வாரங்களே இருந்தன. மருந்தால் பலன் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் என் கதை முடிந்தது என்று நம்பினேன். ஆனால் நிதியின் விதிகளில் ஒன்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். தீ, மின்தடை, நோய்த் தொற்று, பணியாளர் தவறு போன்ற விபத்தால் சோதனை கெட்டுப் போனால், சோதனையைத் திரும்பச் செய்யக் கூடுதல் காலம் தருவார்கள், அந்தக் காலத்தைக் கெடுவில் சேர்க்க மாட்டார்கள். தோற்றவளுக்கு ஒன்றும் கிடையாது, விபத்தில் மாட்டியவளுக்கு இன்னொரு முறை உண்டு. இந்த எண்ணம் எப்போது வந்தது என்று ஆய்வாளர் கேட்டார். ஒரு நாளில் வரவில்லை. பல் துலக்கும்போது வரும், பேருந்தில் வரும், துரத்திவிட்டால் திரும்பவும் வந்து உட்காரும். கடைசியில் துரத்துவதை விட்டுவிட்டேன்.

எங்கள் வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுக்கும் விஷயம் ஒன்று உண்டு. ஆண் சுண்டெலிகள் குட்டியிலிருந்து ஒன்றாக வளர்ந்தால் ஒரே கூண்டில் சண்டை இல்லாமல் இருக்கும். வளர்ந்த பிறகு வேறு கூண்டு ஆணைக் கொண்டு வந்து உள்ளே விட்டால் கடித்துக் குதறிவிடும். கூட இருந்தவை எல்லாம் செத்து ஒன்று மட்டும் மிஞ்சினாலும் அது கடைசி வரை தனியாகத்தான் இருக்க வேண்டும். அப்போது வெறும் தீனிக் கூட்டத்தில் பதினோரு எலிகள் மிச்சம். பெரும்பாலும் கூண்டுக்கு ஒன்று.

அந்த வாரத்தின் கடைசி வேலை நாள், கூண்டு மாற்றும் நாள். கூண்டுக்காரரின் மகளுக்கு அன்று பிரசவ வலி எடுத்து மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அவர் காலையிலிருந்து கைபேசியைக் காதை விட்டு எடுக்கவில்லை. ஒவ்வொரு எலியாகப் பழைய கூண்டிலிருந்து எடுத்துப் புதிய கூண்டில் விட்டு, கூண்டின் விவர அட்டையையும் மாற்றிச் செருகிக்கொண்டே, "அம்மா பக்கத்துல இருக்காளா? தண்ணி குடிச்சியா?" என்று பேசிக்கொண்டிருந்தார். வேலையை முடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்து, "மேடம், மனசு ஒரு நெலையில இல்ல. கூண்டெல்லாம் ஒரு தடவ சரி பாத்துடறீங்களா?" என்று கேட்டார். "நான் பாத்துக்கறேன், நீங்க கெளம்புங்க அண்ணே" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டு ஓடினார்.

அதன் பிறகு நான் உள்ளே போய்க் கூண்டுகளைச் சரி பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. ஒரு எலி கூட மாறவில்லை, ஒரு அட்டை கூட மாறவில்லை. மனசு ஒரு நிலையில் இல்லாமலே அந்த மனிதர் தன் வேலையைப் பிசகாமல் செய்துவிட்டுப் போயிருந்தார்.

அதன் பிறகு அந்தப் பதினோரு எலிகளையும் எடுத்து மூன்று கூண்டுகளில் விட்டேன். காலியான கூண்டுகளைக் கழுவும் இடத்தில் கொண்டுபோய் அடுக்கினேன். எலிகளை மாற்றும்போது ஒன்று என் ஆள்காட்டி விரலில் கடித்தது. எலி கடித்தால் உடனே முதலுதவி அறையில் சொல்ல வேண்டும் என்பது விதி. சொல்லாமல் வீட்டுக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டேன். தழும்பை ஆய்வாளரிடம் காட்டியிருக்கிறேன், மருத்துவரிடம் அனுப்பினாலும் போகிறேன்.

பரிதாபப்பட்டுத்தான் செய்தேன், தனியாகக் கிடக்கிறதே என்று துணை சேர்த்து வைத்தேன் என்று சொல்லலாம் என வரும் வழியில் ஒரு யோசனை இருந்தது. அதுவும் பொய்தான். கூண்டு மூடியைச் சாத்துவதற்குள் சத்தம் ஆரம்பித்துவிட்டது. கீச்சென்று ஒரு சத்தம், அதன் பின் மரத்தூள் சிதறும் சத்தம். அப்போதே பிரித்து எடுத்திருக்கலாம். விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்து கையுறையைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். விடுமுறை நாட்களில் வருகிறவர் அறையின் வெப்பநிலையை மட்டும் கதவருகே பார்த்துக் குறித்துவிட்டுப் போய்விடுவார் என்பது எனக்குத் தெரியும்.

விடுமுறை முடிந்து காலையில் கூண்டுக்காரர்தான் முதலில் பார்த்தார். எனக்குத் தொலைபேசியில், "மேடம், பெருசுங்க அடிச்சுக்கிச்சு மேடம், சீக்கிரம் வாங்க" என்றார். நான் போனபோது துறைத் தலைவரும் கால்நடை மருத்துவரும் வந்திருந்தார்கள். நான்கு எலிகள் செத்துக் கிடந்தன. மற்றவற்றுக்கு முதுகிலும் வால் அடியிலும் சதை பிய்ந்திருந்தது, மருத்துவர் ஊசி போட்டு முடித்து வைத்தார். கூண்டுக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. பேத்தி பிறந்திருக்கிறாள் என்று சொல்லக் கொண்டு வந்திருந்த மிட்டாய்ப் பெட்டி கதவுக்கு வெளியே நாற்காலியில் இருந்தது. என் விரலில் இருந்த கட்டைப் பார்த்து, "கையில என்ன மேடம்?" என்று அந்த நிலைமையிலும் கேட்டார். காய் நறுக்கும்போது வெட்டிக்கொண்டது என்றேன்.

அதன் பிறகு எல்லோரும் கேட்கும்படி நான் அவரிடம், "அண்ணே, கூண்டு மாத்தும்போது ஃபோன் பேசிட்டிருந்தீங்களே, மாத்தி விட்டுட்டீங்களா?" என்று கேட்டேன். கேள்வி போலத்தான் கேட்டேன். பழியை அப்படித்தான் அவர் தலையில் கட்டினேன். அவர் முதலில் உறுதியாக இல்லை என்றார். ஒவ்வொரு கூண்டாக எப்படி மாற்றினார் என்று கையை ஆட்டிக் காட்டினார். பிறகு கை பாதியில் நின்றுவிட்டது.

அதன் பிறகு விசாரணைக் குழு உட்கார்ந்தது. நீளமான மேசை, தண்ணீர்க் கிளாஸ்களுக்குத் தட்டு மூடி வைத்திருந்தார்கள். அவரை மேசையின் கடைக்கோடியில் தனியாக உட்கார வைத்தார்கள். அவர், வேலையை முடித்துவிட்டு மேடத்தைச் சரி பார்க்கச் சொன்னேன் என்று சொன்னார். குழுத் தலைவர் என் பக்கம் திரும்பினார். அப்படி அவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை என்று சொன்னேன். என் வாய் கூசவில்லை. அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். "கேட்டேன்னுல்ல நெனச்சேன்... கேக்கலயா அப்ப?" என்று என்னிடமே சந்தேகம் கேட்டார். இல்லை அண்ணே என்றேன்.

இதோடு நான் நிறுத்தவில்லை. குழுவில் ஒருவர், செய்யாத ஒன்றைச் செய்ததாக ஒருவர் நம்புவது உண்டா என்று கேட்டார். அந்த அறையில் முதுமையைப் பற்றிப் படித்தவள் நான். அந்த வயதில், கவனம் வேறு எங்கோ இருக்கும்போது, செய்ததை மறப்பதும் செய்யாததைச் செய்ததாக நினைப்பதும் இயல்புதான், அவரைக் குற்றம் சொல்ல முடியாது என்று விளக்கம் கொடுத்தேன். அவருக்குப் பரிந்து பேசுவதாக எல்லோரும் நினைத்தார்கள். அவரே நினைத்தார். வெளியே வந்ததும் நடைவழியில் என்னை நிறுத்தி, "எனக்காகப் பேசினீங்க மேடம். நான்தான் மாத்தி வச்சிருப்பேன் போல. உங்க மூணு வருஷ உழைப்பக் கெடுத்துட்டேன், மன்னிச்சிடுங்க" என்றார். என் படிப்பை வைத்து நான் செய்த வேலைகளிலேயே மிக நன்றாகப் பலித்த வேலை அதுதான். மன்னித்துவிட்டதாகவும் சொன்னேன்.

அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். நிதி கொடுத்தவர்கள், விலங்குகள் இப்படிச் செத்ததற்குக் காவல் துறையில் புகார் கொடுத்தால்தான் விபத்து என்று ஏற்றுக்கொள்வோம் என்று சொல்லவே, நிறுவனம் புகார் கொடுத்தது. இந்த நிலையத்தில் அவரைக் கைது செய்து அன்றே பிணையில் விட்டார்கள். அவரும் தானே செய்ததாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். எனக்குக் கூடுதல் காலம் கிடைத்தது. புதிய எலிகள் வந்து இறங்கின.

அதன் பிறகு ஒரு மாலை கூண்டுக்காரரின் மனைவி என்னைத் தேடி ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காராமல், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "உங்க படிப்புல ஞாபக மறதிக்கு ஏதாச்சும் மருந்து இருக்காம்மா?" என்று கேட்டார். கணவர் இப்போதெல்லாம் கதவைப் பூட்டிவிட்டு நாலு தடவை திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறார் என்றும், அடுப்பைத் தொட மாட்டேன் என்கிறார் என்றும், காய் வாங்கப் போனால் கூட அவரையும் அழைத்துப் போக வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். "பேத்தியத் தூக்க மாட்டேங்கறாரும்மா. எங்கயாச்சும் வச்சிட்டு மறந்துட்டா என்ன பண்றதுன்னு பயப்படறார். பொண்ணும் இப்ப குடுக்கறதில்ல" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் தோழி ஒருத்தி நினைவாற்றல் மருத்துவர், அவளிடம் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். செய்யாத தவறுக்கு மருத்துவம் பார்க்க அனுப்பி வைத்தேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். சில நாள் கழித்துத் தோழி தொலைபேசியில் கூப்பிட்டு, "என்னடி, அந்த மனுஷனுக்கு ஞாபக சக்தி நல்லாத்தான் இருக்கு. ஆனா எந்தக் கேள்விக்கும் பதிலச் சொல்லிட்டு, சரியா சரியான்னு பொண்டாட்டி மூஞ்சியப் பாக்கறார். யார் அவர இப்படிப் பயமுறுத்தினது?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

இதற்கிடையில் நிதிக் குழுவின் முடிவுகள் வந்தன. எனக்கு வேண்டியது கால நீட்டிப்பு, அது ஏற்கெனவே கையில் இருந்தது. மற்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தேன். வேறு ஊரில் என்னைப் போலவே ஒரு பையன், என்னை விட இளையவன், வேறு ஒரு மருந்தைச் சோதித்து, பலன் ஒன்றும் இல்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்திருந்தான். அவனுக்கு இரண்டாம் கட்டம் கொடுத்திருந்தார்கள். சோதனையைச் சுத்தமாகச் செய்ததற்காகக் குழு பாராட்டி ஒரு வரியும் எழுதியிருந்தது. என் சோதனையும் சுத்தமாகத்தான் நடந்து வந்தது. கூண்டுக்காரர் கடைசி நாள் வரை அதைச் சுத்தமாகத்தான் வைத்திருந்தார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவருக்காக அழவில்லை, என் கையை விட்டு நழுவிப் போன இரண்டாம் கட்டத்துக்காக அழுதேன். அது புரிந்த பிறகுதான் எனக்கே என் மேல் அருவருப்பு வந்தது. அன்று இரவு கணவரிடம் சொன்னேன். அவர், "முதல்ல அவர் வீட்டுக்குப் போ" என்றார்.

அதன் பிறகு கூண்டுக்காரர் வீட்டுக்குப் போனேன். இரண்டாம் மாடி. படிக்கட்டுக் கம்பியில் குழந்தைத் துணி காய்ந்தது. சமையலறை வாசலில், அணைச்சாச்சா, பூட்டியாச்சா என்று பெரிய எழுத்தில் எழுதித் தாள் ஒட்டியிருந்தது. கூண்டுக்காரர் வீட்டுச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். மகள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அவர் நாலடி தள்ளி, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்து, நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். எலிகளை மாற்றியது நான், நீங்கள் சரி பார்க்கச் சொன்னீர்கள், நான் சரி என்றேன், உங்கள் கூண்டுகளில் ஒரு பிசகும் இல்லை என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பாதியிலேயே சிரித்துவிட்டார். "போதும் மேடம். எங்க வீட்டுக்காரி வந்து அழுதிருப்பா, உங்க மனசு எளகிப் போச்சு. நான் பண்ண தப்புக்கு நீங்க ஏன் தலையக் குடுக்கறீங்க?" என்றார். இல்லை அண்ணே, சத்தியமாக நான்தான் என்றேன். "எனக்குத்தான் ஞாபகம் இல்ல. நீங்க வேற ஏன் மேடம் புதுசா ஒண்ணு ஞாபகம் பண்றீங்க? நீங்களே அன்னிக்குக் கமிட்டில சொன்னீங்கல்ல, நான் கேக்கலன்னு. அன்னிக்கு எனக்காகப் பேசின மாதிரியே இன்னிக்கும் பேசறீங்க. வேண்டாம், வேலையப் பாருங்க" என்று சொல்லி என்னைச் சமாதானப்படுத்தினார். விரலைக் காட்டினேன். அது காய் நறுக்கும்போது வெட்டிக்கொண்டது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார். நான் சொன்ன பொய் ஒவ்வொன்றும் அவருக்குத் தெளிவாக நினைவில் இருந்தது.

அவர் நம்பவில்லை, அவர் மனைவி நம்பினார். என்னைத் திட்டவில்லை. எனக்கு முன்னால் வைத்திருந்த காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். உள்ளே இருந்தபடியே, "நீங்க சொன்னா நம்ப மாட்டார். போலீஸ்ல எழுதிக் குடுங்க. அவர் நம்பற மாதிரி எழுதிக் குடுங்க" என்றார். நான் கூனிக் குறுகிப் படியிறங்கி வந்தேன். மறுநாள் துறைத் தலைவரிடம் எழுத்து மூலம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, நிதியையும் பணியையும் விட்டுவிடுவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, போய்விட்டு வா என்று மட்டும் சொன்னார். அங்கிருந்து நேராக இங்கே வந்தேன்.

பராமரிப்பாளரே குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கும்போது உங்கள் பேச்சை ஏன் நம்ப வேண்டும் என்று ஆய்வாளர் கேட்டார். அவரை ஒப்புக்கொள்ள வைத்தவள் நான் என்பதால் என்று பதில் சொன்னேன். எந்த எலியை எந்தக் கூண்டிலிருந்து எடுத்து எதில் விட்டேன் என்பதைத் தனியாக எழுதியும் கொடுத்திருக்கிறேன். விலங்குகளைக் கொன்றதற்கும், பொய்ச் சாட்சி சொன்னதற்கும் என் மீது வழக்குப் பதியுங்கள். இவற்றுக்கு எந்தத் தண்டனை உண்டோ அது எனக்குச் சம்மதம். மூன்றாவதாக ஒன்று செய்தேன், அதற்கு உங்களிடம் சட்டப் பிரிவு இருக்கிறதா என்று கேட்டேன். ஆய்வாளர் எழுத்தரைப் பார்த்து, அதையும் எழுதச் சொன்னார்.

என் கோரிக்கை ஒன்று உண்டு. இந்த வாக்குமூலத்தைச் சீருடையில் இருக்கும் ஒருவர் அவர் வீட்டுக்குப் போய், அவர் மனைவியும் மகளும் கூட இருக்கும்போது, உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். நான் சொன்னால் பரிதாபம் என்கிறார். காவல் துறை பரிதாபப்படாது என்று அவருக்குத் தெரியும். அப்படிப் படித்துக் காட்டும் வழக்கம் இல்லை என்று எழுத்தர் சொன்னார். ஆய்வாளர், தானே போவதாகச் சொன்னார்.

இந்த வாக்குமூலத்தை எழுத்தர் எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். ஒரு இடத்தில், கூண்டுகளைச் சரி பார்க்குமாறு பராமரிப்பாளர் என்னிடம் கேட்டதாக நினைவு என்று எழுதியிருந்தார். எல்லா வாக்குமூலத்திலும் அப்படித்தான் எழுதுவது வழக்கம் என்றார். அதை அடிக்கச் சொன்னேன். கேட்டார் என்று எழுதச் சொன்னேன். அடித்த இடத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். அவர் கேட்டார், நான் சரி என்றேன். இதில் என் நினைவைப் பற்றியோ அவர் நினைவைப் பற்றியோ சந்தேகம் ஒன்றும் இல்லை.

நான் வாய்விட்டுச் சொன்னதும் இதில் எழுதியிருப்பதும் ஒன்றே. யாருடைய தூண்டுதலும் இல்லாமல், முழு அறிவோடு சொன்னேன். அத்தனையும் உண்மை. இதற்கு முன் இதே மேசையில் நான் சொன்னது உண்மை அல்ல.

ஒப்பம்.

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. நிலைய ஆய்வாளர்.